எண்ணப்பட்ட அரசுகளும் எண்ணப்படாத மனிதரும்

வாசிக்க: தானியேல் 2:31-45, 5:1-30, 7:1-14, லூக்கா 21:5-19



திருவழிபாட்டு ஆண்டின் இறுதி வாரத்தில் திருச்சபை நம் கையில் கடினமான வாசகங்களைத் தருகின்றது. ஓர் ஆண்டில் தானியேல், மறு ஆண்டில் திருவெளிப்பாடு. நற்செய்தியோ எல்லா ஆண்டுகளிலும் லூக்காவின் 21ஆம் அதிகாரம். பெருஞ்சிலை நொறுங்குகின்றது, கடலிலிருந்து விலங்குகள் கிளம்புகின்றன, நாடுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மல்லாவியில் அது மாரிகாலம். பாலி ஆற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் நீர் ஏந்தி நிற்க, காலபோகப் பயிர் பச்சை பிடித்திருக்கும். வயலைப் பார்த்துக்கொண்டே ஆலயத்துக்கு வரும் மக்கள், உள்ளே அரசுகளின் அழிவைக் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும் குருவிடம் கேள்விகள் வரும். "சுவாமி, இது கடைசிக் காலந்தானே?" என்று முதியவர்கள் கேட்பார்கள். இளைஞர்கள் கைத்தொலைபேசியை நீட்டி, "பாதர், எசேக்கியேல் சொல்லுற கோகு எண்டது ரஷ்யாதானே?" என்பார்கள். 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தபோது அந்தக் கேள்வி வந்தது. 2023 ஒக்டோபரில் காசாவில் போர் மூண்டபோது அர்மகெதோன் பற்றிய கேள்வி வந்தது. 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். குறியீடு வந்தபோது ஒரு தாய், "இதுவோ அந்த 666?" என்று அஞ்சி, தம் மகனின் மோட்டார் சைக்கிளைப் பதியவிடாமல் தடுத்தார்.

இக்கேள்விகளைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. போரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் அல்ல இவை. எறிகணை எந்தத் திசையிலிருந்து வருகின்றது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர்கள் கேட்கின்றார்கள். அவர்கள் அறிய விரும்புவது எதிர்காலத்தை மட்டும் அல்ல. தாங்கள் பட்ட பாட்டுக்கு ஒரு பொருள் உண்டா, அதைக் கடவுள் கண்டாரா என்பதையும் அறிய விரும்புகின்றார்கள். ஆகவே இவ்வாரம் இறைவாக்குகளையும் அரசுகளையும் பற்றிச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

யூலை 9

2022 யூலை 9ஆம் நாள் கொழும்பில் சனாதிபதி மாளிகைக்குள் மக்கள் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. 2009இல் பாதுகாப்புச் செயலாளராய் இருந்து, 2019இல் சனாதிபதியானவர் அன்று மாளிகையை விட்டு வெளியேறினார். 13ஆம் நாள் நாட்டை விட்டும் போனார். 14ஆம் நாள் பதவி துறந்தார்.

அதற்குப் பின் ஒரு நாள் நடுத்தர வயதுடைய ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "பாதர், திகதியைப் பாத்தீங்களோ? 1995 யூலை 9 நவாலி. 2022 யூலை 9 மாளிகை. இருபத்தேழு வருசம். கடவுள் கணக்கு வச்சிருக்கிறார்" என்றார். நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டு வீசப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த நாள் அது. அவருடைய உறவினர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

எனக்கும் ஒரு கணம் மெய் சிலிர்த்தது. ஆனால் வீடு திரும்பி எண்ணிப் பார்த்தேன். 1995இல் ஆட்சியில் இருந்தவர்கள் வேறு; 2022இல் வீழ்ந்தவர் வேறு. மாளிகைக்குள் புகுந்த மக்கள் எரிபொருளும் எரிவாயுவும் மருந்தும் இன்றித் தவித்துச் சினந்து எழுந்தவர்கள். அவர்களுள் எத்தனைபேர் நவாலி என்னும் பெயரைக் கேள்வியுற்றிருப்பார்கள்? திகதி பொருந்தியது, ஆனால் நவாலிக்கு அன்று நீதி கிடைக்கவில்லை. ஓர் அரசியல்வாதியின் வீழ்ச்சியை நம் துயரத்தின் விடையாக எடுத்துக்கொண்டால், அவர் வீழ்ந்தபின் நம் துயரத்துக்கு யாரிடம் விடை கேட்பது?

எனினும் அந்த மனிதர் சொன்ன ஒரு சொல் என்னை விடவில்லை. கடவுள் கணக்கு வைத்திருக்கிறார் என்றார். அது உண்மை. ஆனால் அது எந்தக் கணக்கு?

உபதேசியாரின் கொப்பி

இக்கேள்விக்கு நான் கற்ற முதற் பாடம் குருமடத்தில் அன்று, மல்லாவியில். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் ஒரே இரவில் எழுந்து நடந்தது. எங்கள் குடும்பமும் அதனுள் நடந்தது. பின்னர் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தோம். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியும் வீழ்ந்தபின், மல்லாவி இடம்பெயர்ந்தோரின் பட்டினமாயிற்று. கிடுகும் தரப்பாளும் கொண்டு வேய்ந்த கொட்டில்களில் நாங்கள் இருந்தோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. மாலையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றுவோம். டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி பேசும். செய்தி முடிந்ததும் பெரியவர்கள் ஒரு முதிய உபதேசியாரின் கொட்டிலுக்குப் போவார்கள்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. தானியேல் நூலிலுள்ள எண்கள் எல்லாவற்றையும் அதில் நிரல்படுத்தி வைத்திருந்தார். துன்புறுத்தும் அரசனின் கையில் இறைமக்கள் மூன்றரைக் காலம் ஒப்படைக்கப்படுவார்கள் என்று 7ஆம் அதிகாரத்தில் வருகின்றதல்லவா? அந்தக் காலத்தை ஆண்டாகக் கொண்டு, 1995 ஒக்டோபர் 30இலிருந்து கூட்டினார். 1999 ஏப்ரல் 30 வந்தது. "அதுக்குள்ள வீட்டை போயிடுவம்" என்றார். பொய் சொல்லும் மனிதர் அல்லர் அவர். தாம் நம்பியதைச் சொன்னார். மக்களும் நம்பினார்கள். போகப்போகின்றோம்தானே என்று கூரை வேயாமல் விட்ட குடும்பங்கள் இருந்தன. மழையில் அவர்களுடைய பிள்ளைகள் நனைந்தார்கள். மரக்கறித் தோட்டம் வைக்க நிலம் கிடைத்தும், வைக்காமல் விட்டவர்களும் இருந்தார்கள்.

1999 ஏப்ரல் 30 வந்தது, போயிற்று. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் மடு ஆலய வளவில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். உபதேசியார் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினார். எங்கள் பங்குக்குரு அவரைத் தேடிப் போனபோது நானும் உடன் போனேன். கடிந்துகொள்ளப் போகின்றார் என்று நினைத்தேன். அவரோ பாயில் அமர்ந்து, தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டார்: "உபதேசியார், தானியேல் வீட்டை போனவரோ?"

உபதேசியார் விடை கூறவில்லை. பங்குக்குருவும் மேலே ஒன்றும் கூறவில்லை. அந்தக் கொப்பியின் பின்பாதி வெறுமையாய் இருந்ததைக் கண்டு, "இதில எனக்கு ஒரு வேலை செய்து தாங்கோ" என்று கேட்டு வாங்கினார். அது என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கின்றேன்.

தானியேல் வீடு திரும்பினாரா? நூலைத் திறந்து பாருங்கள். இளைஞராய்ப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர், அரசர்கள் மாறுவதைக் கண்டார், ஒரு பேரரசு மற்றொன்றுக்கு இடம்விடுவதைக் கண்டார். எருசலேமை நோக்கிய சாளரத்தைத் திறந்து வைத்து நாள்தோறும் மும்முறை செபித்தார். ஆனால் எருசலேமுக்கு அவர் திரும்பியதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. இறுதி அதிகாரத்தில் வானதூதர் அவரைப் போய் இளைப்பாறச் சொல்கின்றார். அரசுகளின் மறைபொருளை எல்லாம் விளக்கியவர் அந்நிய மண்ணிலேயே காத்திருந்தார். இறைவாக்கை அறிந்தவருக்கு நாடு திரும்பும் நாள் குறித்துக் கொடுக்கப்படவில்லை.

எரேமியா 28, 29ஆம் அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவர் மக்களுக்கு நாள் குறித்தார். மக்கள் விரும்பிக் கேட்ட சொல் அது. எரேமியாவோ நாடுகடத்தப்பட்டோருக்குக் கடிதம் எழுதி, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள் என்று சொன்னார். ஆண்டவர் அனுப்பியவர் அனனியா அல்லர், எரேமியாவே. அந்தக் கடிதத்தை நாங்கள் அப்போது வாசித்திருந்தால், மல்லாவியில் சில கூரைகள் வேயப்பட்டிருக்கும்.

நூல் யாருக்காக எழுதப்பட்டது?

தானியேல் நூலின் கதைகள் பாபிலோனில் நிகழ்கின்றன. ஆயினும் நூல் இன்றுள்ள வடிவைப் பெற்றது கி.மு. 167க்கும் 164க்கும் இடைப்பட்ட கொடிய ஆண்டுகளில் என்பது கத்தோலிக்க விவிலிய அறிஞர் பெரும்பாலானோரின் கருத்து. அந்தியோக்கு எப்பிபான் என்னும் அரசன் எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தினான். ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடை செய்தான். திருச்சட்ட நூல்களை எரித்தான். மக்கபேயர் முதல் நூலின் முதல் அதிகாரம் இதை விரித்துரைக்கின்றது. அந்த அரசனின் காலடியில் நசுங்கிக்கொண்டிருந்த மக்களுக்கு, கட்டியெழுப்பும் சொல்லாக இந்நூல் வந்தது.

அவர்கள் 2ஆம் அதிகாரத்தில் கேட்டது என்ன? பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல இடை, இரும்புக் கால், களிமண் கலந்த பாதம் கொண்ட ஒரு பெருஞ்சிலை. பாபிலோன், மேதியர், பாரசீகர், கிரேக்கர் என்று உலகை ஆண்டவர்கள் அனைவரும் ஒரே உடலாய் நிற்கின்றார்கள். மனிதக் கை படாமல் பெயர்ந்த ஒரு கல் வந்து பாதத்தில் மோதுகின்றது. சிலை பதராய்ப் பறக்கின்றது. கல் மலையாகின்றது. தலையை மட்டும் அண்ணாந்து பார்ப்பவனுக்குச் சிலை பொன்னாய்த் தெரியும். பாதத்தின் கீழே கிடப்பவனுக்கு மட்டுமே அது களிமண் என்பது தெரியும். தானியேல் அந்தக் கீழே கிடப்பவனிடம் பேசுகின்றார்.

7ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகின்றது. அங்கே அரசுகள் விலங்குகளாய்க் காட்சி தருகின்றன. சிங்கம், கரடி, சிறுத்தை, பெயரிட முடியாத இன்னொன்று. அவை உண்கின்றன, நொறுக்குகின்றன, எஞ்சியதை மிதிக்கின்றன. அவற்றுக்குப் பின் வானத்து மேகங்களோடு மனிதச் சாயலில் ஒருவர் வருகின்றார். என்றும் அழியாத ஆட்சி அவருக்குக் கொடுக்கப்படுகின்றது. அன்பார்ந்தவர்களே, அரசுகளை அளக்க விவிலியம் நமக்குத் தரும் அளவுகோல் இது. மனிதரை விழுங்கி வாழும் அரசு விலங்கு. மனிதரை மனிதராக வைத்திருக்கும் ஆட்சியில் இறையரசின் சாயல் உண்டு. அந்த விலங்கு எந்த நாடு, எந்தக் கட்சி என்று ஊகிப்பதற்கு முன்னர், எங்கே மனிதர் விழுங்கப்படுகின்றார்கள் என்று நாம் பார்க்க வேண்டும்.

திருவெளிப்பாட்டின் 666உம் இவ்வாறே. எபிரேய எழுத்துக்களுக்கு எண்மதிப்பு உண்டு. நீரோ சீசர் என்னும் பெயரை அவ்வெழுத்துக்களில் எழுதிக் கூட்டினால் 666 வரும் என்பது அறிஞர் பலரின் விளக்கம். உரோமைப் பேரரசின் கீழ் இரத்தம் சிந்திய கிறிஸ்தவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட குறிமொழி அது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நம் பிள்ளையின் அட்டையைப் பற்றி அருளப்பர் எழுதவில்லை.

குருக்களும் தவறிய இடம்

நாள் குறித்தும் நாடு குறித்தும் தவறியவர்கள் எளிய உபதேசியார்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் போதகரைப் பின்பற்றியவர்கள், தானியேல் 8ஆம் அதிகாரத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டு, 1844 ஒக்டோபர் 22ஆம் நாள் ஆண்டவரின் வருகைக்காக விழித்திருந்து ஏமாந்தார்கள். சோவியத் ஒன்றியமே எசேக்கியேலின் கோகு என்று மேற்கு நாடுகளில் ஆணித்தரமாய்ப் பேசியவர்கள் இருந்தார்கள். 1991 டிசம்பரில் அந்த ஒன்றியமே கலைந்தது.

நம் திருச்சபைக்குள்ளும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது நம் மண்ணையும் தொடுகின்றது. அந்தோனியோ வியேரா என்னும் போர்த்துக்கேய இயேசு சபைக் குரு பெரும் மறையுரையாளர். பிரேசிலின் பழங்குடி மக்களை அடிமைகொள்வதை எதிர்த்தவர். அவர் 1659 ஏப்ரலில் எழுதிய மடலில், தானியேல் கண்ட நான்கு அரசுகளுக்குப் பின் வரும் ஐந்தாம் பேரரசு போர்த்துக்கல்லின் தலைமையில் எழும் என்றும், இறந்துபோன அரசன் நான்காம் யோவான் அதற்காக உயிர்த்தெழுவான் என்றும் எதிர்பார்ப்பை வெளியிட்டார். பின்னர் திருச்சபையின் விசாரணை மன்றத்தில் அதற்காக அவர் நிறுத்தப்பட்டார். அவர் அம்மடலை எழுதியபோது நம் தீவில் என்ன நிகழ்ந்திருந்தது? 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர், 1658 யூனில் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்திருந்தார்கள். ஓராண்டுகூட நிறைவுறவில்லை. ஐந்தாம் பேரரசு எழும் என்று குரு ஒருவர் எழுதிய வேளையில், அதன் கொடி நம் கரையில் ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்தது.

ஆனால் அந்தப் பேரரசோடு நம் விசுவாசமும் வீழ்ந்ததா? ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள்; குருக்களைத் துரத்தினார்கள். 1670இல் மாந்தைக் கத்தோலிக்கர் தம் அன்னையின் திருச்சுருவத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள், மருதமடுவுக்கு வந்தார்கள் என்பது நம் மரபு. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் இரவலர் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கோட்டை இல்லை, கப்பல் இல்லை, பின்னால் ஓர் அரசனும் இல்லை. 1711இல் கண்டியில் அவர் இறந்தபோது, இத்தீவின் கத்தோலிக்கத் திருச்சபை மீண்டும் உயிரோடு எழுந்திருந்தது. 2015 சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக உயர்த்திவிட்டு, அன்றே மடு அன்னையின் முன் வந்து நின்றார். கை படாமல் பெயர்ந்த கல் எது என்று என்னைக் கேட்டால், காட்டுவழியே ஒரு சுருவத்தைச் சுமந்து நடந்த அந்தச் சில குடும்பங்களின் விசுவாசத்தில் அக்கல்லின் ஒரு துகளைக் காண்கின்றேன் என்பேன்.

மெனே

இனி 5ஆம் அதிகாரத்துக்கு வருவோம். பெல்சாட்சர் விருந்து நடத்துகின்றான். எருசலேம் கோவிலிலிருந்து கொள்ளையிட்ட பாத்திரங்களில் மது ஊற்றிக் குடிக்கின்றார்கள். ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகின்றது. முதற் சொல் மெனே. எண்ணப்பட்டது என்பது அதன் பொருள். இரண்டாவது, நிறுக்கப்பட்டது. மூன்றாவது, பிரிக்கப்பட்டது. அவ்விரவே அரசன் கொல்லப்படுகின்றான்.

சுவரில் எழுதியது கடவுளின் கை. ஆனால் அதை அரசன் முன்னிலையில் வாசித்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருந்தது. இதுவே இறைவாக்கினரின் பணி. நாளை நடப்பதை முன்கூட்டிச் சொல்வதைவிட, இன்று சுவரில் எழுதியிருப்பதை அரசன் முகத்துக்கு நேரே வாசிப்பது கடினமானது.

நம் நாட்களில் அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டோம். 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை எண்களோடு வந்தார். அரச செயலகப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நிறைவான விடையைக் கேளாமலே 2021 ஏப்ரல் 1ஆம் நாள் ஆண்டவரில் துயில்கொண்டார்.

உபதேசியார் தானியேல் நூலை வைத்து நாட்களை எண்ணினார். ஆயர் மனிதரை எண்ணினார். இறைவாக்கை நிகழ்காலத்தோடு இணைத்து வாசிப்பது என்றால் என்ன என்று எவரேனும் என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது கணக்கையே காட்டுவேன். கடவுள் வைத்திருக்கும் கணக்கும் இதுவே என்று நம்புகின்றேன். தலையிலுள்ள முடிகளையும் எண்ணி வைத்திருக்கும் தந்தை என்று ஆண்டவர் இயேசு சொன்னது, எண்ணப்படாமல் போகும் சிறியவரை மனத்தில் கொண்டல்லவா?

அந்தக் கணக்குக்காக உயிர் கொடுத்தவர்களும் நம்மிடையே உண்டு. வன்னியில் மனித உரிமைகளுக்காய்க் குரல் கொடுத்த, கிளி பாதர் என்று நாம் அழைத்த அருட்தந்தை கருணரட்ணம் அடிகளார், 2008 ஏப்ரல் 20ஆம் நாள் ஞாயிறு திருப்பலி முடித்துத் திரும்புகையில், இந்த மல்லாவிப் பகுதியிலேயே கிளைமோர்க் குண்டுக்குப் பலியானார். 2009 மே 18ஆம் நாள் சரணடைந்தோரோடு தாமும் சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் யோசேப் அடிகளார் பின்னர் காணப்படவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினார்கள். கையில் பிள்ளையின் படம்; படத்தின் கீழ் பெயரும் திகதியும். சுவரெழுத்தை வாசிக்கும் தானியேல்களை நான் அத்தாய்மாரில் கண்டேன்.

மண்ணும் எண்ணத் தொடங்கியிருக்கின்றது. 2023 யூனில் நம் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அகழ்வு முடிந்தபோது அவை ஐம்பதைக் கடந்திருந்தன. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. குழந்தைகளுடையனவும் அவற்றுள் இருந்தன. பெயர் இல்லாதபடியால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடுகின்றார்கள். மெனே என்னும் சொல் எனக்கு அப்போது வேறுவிதமாய் ஒலித்தது.

தராசின் மறு தட்டு

அன்பார்ந்தவர்களே, இங்கே நிறுத்திவிட்டால் நான் அரைப் பணியே செய்தவனாவேன். நிறுக்கும் தராசு அரசனின் மாளிகையில் மட்டும் தொங்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சகோதரர்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டபோது, நாம் அவர்களை எண்ணினோமா? இறுதிப் போர்க்காலத்தில் இதே வன்னியில் பிள்ளைகள் வீட்டிலிருந்து பலவந்தமாய் இழுத்துச் செல்லப்பட்டபோது, கதறிய தாயின் குரலை நாம் எண்ணினோமா? நம்மவர் என்பதால் மௌனம் காத்தோமா? விலங்கின் குணம் ஒரு கொடிக்கு மட்டும் உரியது அன்று. எவர் கையில் அதிகாரம் வந்தாலும், மனிதரை விழுங்கும் சோதனையும் கூடவே வரும்.

நம் பங்குகளிலும் சிறு சிம்மாசனங்கள் உண்டு. சாதி பார்த்து இருக்கை ஒதுக்கும் ஆலயத்தில், மதுவில் ஊறிய கணவனின் கைக்கு அஞ்சி மனைவி நடுங்கும் வீட்டில், நுண்கடன் அடைக்க வழியின்றி ஒரு விதவை ஒளித்திருக்கும் கிராமத்தில் கல் மோத வேண்டிய சிலை எது என்று நாமே அறிவோம். கொழும்பின் வீழ்ச்சியில் இறைதீர்ப்பைக் கண்டவர்கள், தம் வீட்டுச் சுவரையும் ஒருமுறை நோக்க வேண்டும்.

1925 டிசம்பரில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் கிறிஸ்து அரசர் பெருவிழாவை நிறுவினார். முதலாம் உலகப் போரின் விளைவாய் உருசியா, ஜெர்மனி, ஒஸ்திரியா-ஹங்கேரி, துருக்கிய ஒட்டோமன் ஆகிய நான்கு பேரரசுகள் சரிந்துபோன காலம். இடிந்த சிம்மாசனங்களில் புதிய சர்வாதிகாரிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவ்வேளையில் திருச்சபை, தன் அரசர் முள்முடி சூடியவர் என்று அறிக்கையிட்டது. இவ்வரசர் தம் குடிமக்களைக் கணக்கெடுக்கும் முறையை மத்தேயு 25இல் காண்கின்றோம். பசித்தவர், தாகமுற்றவர், அந்நியர், ஆடையற்றவர், நோயுற்றவர், சிறையிலிருப்பவர். அவர் கேட்கும் கேள்வி இவர்களைப் பற்றியதே. உலகம் முடியும் நாளை யார் சரியாய்க் கணித்தார் என்று அவர் கேட்கவில்லை.

காசாவிலுள்ள ஒரேயொரு கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்தில், போர் தொடங்கியது முதல் நூற்றுக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் தாம் இறக்கும்வரை ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, உண்டீர்களா, எப்படி இருக்கின்றீர்கள் என்று விசாரித்தார். அவர் மறைந்து மூன்று மாதங்களும் ஆகாமுன், 2025 யூலை 17ஆம் நாள் அவ்வாலயம் தாக்கப்பட்டு மூவர் இறந்தனர். நவாலியையும் மடுவையும் அறிந்த நமக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தி அன்று. அதைக் கேட்டவுடன் அர்மகெதோன் வந்துவிட்டதா என்று தேடுவதா, அந்த மூவருக்காய் ஒரு செபமாலை சொல்வதா? எது விவிலிய வாசிப்பு?

ஆகவே இவ்வாரம் மாலைச் செபத்தின்போது தானியேல் 7ஆம் அதிகாரத்தைக் குடும்பமாய் வாசியுங்கள். வாசித்தபின் உங்கள் தெருவில் எண்ணப்படாமல் இருப்பவர் யார் என்று பிள்ளைகளோடு பேசுங்கள். ஒரு பெயரையேனும் கண்டுபிடியுங்கள். அந்த வீட்டுக்குப் போங்கள். கூரை வேய வேண்டுமானால் வேயுங்கள். நாட்டின் அரசு எதுவாயினும், அதன் முன் உண்மை பேச வேண்டிய இடத்தில் அச்சமின்றிப் பேசுங்கள். எந்த அரசையும், நாம் விரும்பும் அரசாய் இருந்தாலும், இறையரசு என்று அழைக்காதீர்கள்.

உபதேசியாரின் கொப்பியைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். இடம்பெயர்ந்து வந்தோரின் திருமுழுக்குப் பதிவேடுகள் பல ஊரிலேயே விடுபட்டுப் போயிருந்தன. ஆகவே கொப்பியின் பின்பாதியில் கொட்டில் கொட்டிலாய்ச் சென்று பெயர்களை எழுதும்படி பங்குக்குரு அவரைக் கேட்டார். எந்த ஊர், எந்தப் பங்கு, இங்கே பிறந்த குழந்தை, இங்கே இறந்த முதியவர். சில வாரம் தயங்கியவர், பின்னர் எழுதத் தொடங்கினார். சைவக் குடும்பங்களின் பெயர்களையும் எழுதினார். "அவையளையும் ஆரும் எழுத வேணுமெல்லோ" என்றார். மல்லாவி மண்ணிலேயே அவர் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2008இல் மல்லாவி மக்கள் மீண்டும் எழுந்து கிழக்கு நோக்கி நடந்தபோது அந்தக் கொப்பியும் எங்கோ போயிற்று. நான் அப்போது குருமட மாணவன். பின்னாளில் எவ்வளவோ தேடியும் அது கிடைக்கவில்லை.

தானியேலின் இறுதி அதிகாரத்தில் ஒரு நூல் வருகின்றது. துன்பக் காலத்தில், அந்நூலில் பெயர் எழுதப்பட்டவர் யாவரும் மீட்கப்படுவர் என்பது அதன் செய்தி. இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத்தில் ஒருநாள் அதை வாசித்து மறையுரை ஆற்றினேன். திருப்பலிக்குப் பின், 2009இல் மகனைத் தொலைத்த ஒரு தாய் வந்து கேட்டார்: "பாதர், அந்தப் புத்தகத்தில என்ர பிள்ளையின்ர பேரும் இருக்குமோ?"

"இருக்குது அம்மா" என்றேன். அரசுகளைப் பற்றி எனக்குத் தெரியாதவை பல. இதை மட்டும் தயங்காமல் சொன்னேன்.